பத்திரம் எழுதிய உறவு, கணக்கெடுப்பு எண்ணிய தலை

1859 டிசம்பரில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்கான பேச்சில் தன் பெயர் அடிபடத் தொடங்கியிருந்தபோது, ஆபிரகாம் லிங்கன் தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதி நண்பர் ஜெஸ்ஸி ஃபெல்லுக்கு அனுப்பினார். தன் தாத்தாவின் பெயரும் ஆபிரகாம்தான். அவர் வர்ஜீனியாவின் ராக்கிங்ஹாம் கவுண்டியிலிருந்து கென்டக்கிக்கு வந்தவர். அவருடைய முன்னோர் பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் கவுண்டியில் இருந்தவர்கள் என்பதுவரை அதில் எழுதினார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. மசாசூசெட்ஸ் பக்கம் அதே குடும்பப் பெயரில் பலர் இருந்தார்கள். அவர்களோடு உறவு காண எடுத்த முயற்சி, மொர்தக்காய், சாலமன், ஆபிரகாம் போன்ற பெயர்கள் இரு பக்கமும் வருகின்றன என்பதோடு நின்றுவிட்டது என்றும் குறிப்பிட்டார்.

எழுதியவர் வழக்கறிஞர். நிலத் தகராறுகளுக்காக நீதிமன்றம் ஏறி இறங்கியவர். அவர் தேடிய கண்ணிகளில் முக்கியமான ஒன்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கிரயப் பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது. 1748இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜான் லிங்கன் என்பவர், நியூஜெர்சியில் தனக்கிருந்த 300 ஏக்கரை விற்றார். விற்பவருக்கு அந்த நிலம் எப்படி வந்தது என்று சொல்லாமல் பத்திரம் எழுத முடியாது. ஆகவே அவர் காலஞ்சென்ற மொர்தக்காய் லிங்கனின் மகன், வாரிசு என்று எழுதினார்கள். அந்த ஜான்தான் அதிபரின் கொள்ளுத் தாத்தா.

காலனிக் கால அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வழித்தடத்தைத் தேடுபவருக்கு இரண்டு பெரிய ஆவணக் குவியல்கள் உண்டு. ஒன்று நிலப் பதிவேடுகள், மற்றொன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. புதிதாகத் தேடத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கணக்கெடுப்பில்தான் கை வைக்கிறார்கள். பெயரைக் கொடுத்தால் பக்கம் வந்துவிடும், படிக்கவும் எளிது. நிலப் பதிவேடு வளவளவென்று சட்ட நடையில் போகும். ஆனால் லிங்கன் குடும்பத்தை வைத்து இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஓர் ஆவணம் எந்தத் தேவைக்காக எழுதப்பட்டதோ, அந்தத் தேவைக்கு உறவு வேண்டியிருந்தால் மட்டுமே உறவைப் பதிவு செய்யும். நிலத்துக்கு உறவு வேண்டியிருந்தது. தலையெண்ணுவதற்கு வேண்டியிருக்கவில்லை.

எழுதியவருக்கு என்ன தேவை?

மசாசூசெட்ஸ் விரிகுடாக் காலனி 1640லேயே நிலக் கைமாற்றங்களைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று விதித்தது. நாளடைவில் மற்றக் காலனிகளிலும் இந்த வழக்கம் ஊன்றியது. மூலப்பத்திரம் வாங்கியவரிடம் இருக்கும். எழுத்தர் அதை வரிக்கு வரி பெரிய ஏட்டில் படியெடுத்து வைப்பார். விற்றவர் பெயரிலும் வாங்கியவர் பெயரிலும் தனித்தனி அகரவரிசை உண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு நிலம்தான் முதல். அது பறிபோகாமல் காக்கும் ஒரே அரண் இந்த ஏடு. நாளை வேறொருவன் வந்து உரிமை கேட்டால் காட்டுவதற்காக எழுதப்பட்டது என்பதால், யாரிடமிருந்து யாருக்கு, எந்த வழியில், யார் சம்மதத்தோடு என்பதெல்லாம் அதில் வந்தாக வேண்டும். பணம் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் கண்ணும் அதன்மேல் இருந்தது.

கூட்டாட்சியின் முதல் கணக்கெடுப்புக்கான சட்டம் 1790 மார்ச் 1 அன்று வந்தது. எண்ணிக்கைக்கான நாள் ஆகஸ்ட் 2. நோக்கம், பிரதிநிதிகள் அவையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று பங்கிடுவது. மாவட்ட மார்ஷல்களின் உதவியாளர்கள் குதிரையேறி வீடு வீடாகப் போனார்கள். காகிதத்தையும் அவர்களே கொண்டுபோக வேண்டும். கோடுகளையும் அவர்களே போட்டுக்கொள்ள வேண்டும். நாட்டுப்புறத்தில் 150 பேரை எண்ணினால் ஒரு டாலர், 5,000 பேருக்கு மேல் உள்ள நகரங்களில் 300 பேருக்கு ஒரு டாலர் கூலி. பெயர் எழுதப்பட்டது குடும்பத் தலைவருக்கு மட்டும். மற்றவர்கள் ஐந்து பத்திகளில் எண்களானார்கள்: 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சுதந்திர வெள்ளை ஆண்கள், 16க்குக் கீழ் உள்ளவர்கள், சுதந்திர வெள்ளைப் பெண்கள், பிற சுதந்திரர், அடிமைகள். ஆண்களை வயதால் பிரித்தது போர்த் தகுதியும் உழைப்புத் தகுதியும் தெரிய வேண்டும் என்பதற்காக. பெண்ணுக்கு வயதுப் பிரிவே கிடையாது. ஆறு மாதக் குழந்தையும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே பத்தியில். மொத்தம் 39 லட்சத்து 29 ஆயிரம் பேர் என்று கணக்கு வந்தது. அத்தனை பேரில் யார் யாருக்கு என்ன உறவு என்ற கேள்வி எங்கும் இல்லை, ஏனென்றால் அவையில் இடம் பங்கிட அது தேவையில்லை.

ஐந்து தலைமுறையும் அறியாத கணக்கெடுப்பு

லிங்கன் வம்சத்தில் முதலில் கடல் கடந்தவர் சாமுவேல். இங்கிலாந்தின் நார்ஃபோக்கைச் சேர்ந்த அவர், நெசவாளர் ஒருவரிடம் தொழில் பழகும் பையனாக 1637இல் மசாசூசெட்ஸ் வந்தார். பிறகு ஹிங்ஹாம் ஊரில் நிலைத்து 1690இல் இறந்தார். அவர் மகன் மொர்தக்காய் இரும்புத் தொழில் செய்து ஸிச்சுவேட் ஊரில் 1727இல் இறந்தார். அவர் மகன் இன்னொரு மொர்தக்காய், நியூஜெர்சி போய், பிறகு பென்சில்வேனியா போய், 1736இல் இறந்தார். அவர் மகன் ஜான் வர்ஜீனியாவில் 1788இல் இறந்தார். ஜானின் மகன் ஆபிரகாம், அதிபரின் தாத்தா, தந்தைக்கு முன்பே 1786இல் கென்டக்கியில் தன் வயலில் வேலை செய்துகொண்டிருந்தபோது பூர்வகுடியினரின் தாக்குதலில் உயிரிழந்தார்.

அடுக்கிப் பார்த்தால், ஐந்து தலைமுறைத் தலைவர்களில் ஒருவர்கூட 1790ஐப் பார்க்கவில்லை. கூட்டாட்சிக் கணக்கெடுப்பு முழுவதையும் புரட்டினாலும் இந்த ஐவரும் கிடைக்க மாட்டார்கள். காலனிக் காலத்தில் கணக்கெடுப்பே இல்லையா என்றால், இருந்தது. வர்ஜீனியாவில் 1624-25இல் குடியிருப்பு வாரியாக ஆட்களைப் பதிந்தார்கள். ரோட் ஐலண்ட் 1774இல் குடும்பத் தலைவர்களைப் பட்டியலிட்டது. ஆனால் இவை அங்கொன்றும் இங்கொன்றுமாக நடந்தவை. ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தொடர இவை போதாது.

நிலப் பதிவேடு இந்த ஐவரையும் விடாமல் பின்தொடர்கிறது. இரண்டாம் மொர்தக்காய் 1725இல் பென்சில்வேனியாவின் காவென்ட்ரி இரும்பாலையில் தனக்கிருந்த மூன்றில் ஒரு பங்கை விற்றார். 1736இல் எழுதிய உயிலில் நியூஜெர்சியில் உள்ள 300 ஏக்கரை மூத்த மகன் ஜானுக்கு விட்டார். ஜான் அதை 1748இல் விற்றபோதுதான் தந்தை பெயர் பத்திரத்தில் ஏறியது. 1768இல் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில், லின்வில் ஓடைக் கரையில் ஜான் 600 ஏக்கர் வாங்கினார். 1773இல் அதில் ஒரு பங்கை மகன் ஆபிரகாமுக்கும் ஒரு பங்கை மகன் ஐசக்குக்கும் எழுதிக் கொடுத்தார். தந்தை மகனுக்கு எழுதிய பத்திரம் வம்சாவளி தேடுபவருக்குப் புதையல்; உறவு அதில் ஊகம் அல்ல, இருவரும் நேரில் நின்று சொன்ன வாக்குமூலம்.

1780இல் ஆபிரகாம் அந்த நிலத்தை விற்றார். அதே ஆண்டில் கென்டக்கியில் 400 ஏக்கருக்கு 160 பவுண்டு கட்டி அரசு நில ஆணை பெற்றார். அதில் அவர் பெயர் 'லிங்க்ஹார்ன்' என்று பதிவாகியிருக்கிறது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். பெயரை மட்டும் நம்பித் தேடுபவர் இந்த இடத்தில் ஆளைத் தவறவிட்டுவிடுவார். ஆனால் நிலம் அவரை அடையாளம் காட்டிவிடுகிறது. அந்த 400 ஏக்கர் பிறகு யார் கைக்குப் போனது என்று பார்த்தால் மூத்த மகன் மொர்தக்காயிடம் வந்து நிற்கிறது.

ஏன் மூத்தவனுக்கு மட்டும்? கென்டக்கி அப்போது வர்ஜீனியாவின் பகுதி. உயில் எழுதாமல் இறந்தவரின் நிலம் மூத்த மகனுக்கே என்ற பழைய ஆங்கிலேயச் சட்டத்தை வர்ஜீனியா நீக்கியது 1787 ஜனவரி 1 முதல்தான். ஆபிரகாம் இறந்தது 1786இல். சில மாத இடைவெளியில் இளைய மகன் தாமஸ் நிலமில்லாதவரானார். அந்தத் தாமஸ்தான் அதிபரின் தந்தை. லிங்கன் பிறந்த மரக்குடிசையின் வறுமைக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். இப்படியொரு விளக்கத்தை எந்தக் கணக்கெடுப்புப் பக்கமும் தராது.

பெயர் ஒன்று, ஆள் வேறு

1790 கணக்கெடுப்பில் வர்ஜீனியா, கென்டக்கி, நியூஜெர்சி, டெலவேர், ஜார்ஜியா ஆகியவற்றின் தாள்கள் இன்று இல்லை. பென்சில்வேனியா, மசாசூசெட்ஸ் தாள்கள் இருக்கின்றன. அழிந்த வர்ஜீனியாவுக்கு ஈடாக 1780களின் மாநிலக் கணக்குகளையும் வரிப் பட்டியல்களையும் வைத்து 1908இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார்கள். அது மாற்று ஏற்பாடுதான், கணக்கெடுப்பு அல்ல.

இந்த இழப்பில் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. 1790இல் பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் கவுண்டியில் ஓர் ஆபிரகாம் லிங்கன் உயிரோடு இருந்தார், ஊரறிந்த மனிதராகவும் இருந்தார். இரண்டாம் மொர்தக்காய் இறந்தபின் பிறந்த கடைசி மகன் அவர். ஜானுக்கு மாற்றாந்தாய் வயிற்றில் பிறந்த தம்பி. மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தவர். அவர் மணந்தது டேனியல் பூனின் குடும்பத்துப் பெண்ணை. பெயர் பொருந்துகிறது, லிங்கன் சொன்ன கவுண்டியும் பொருந்துகிறது, வயதும் ஏறத்தாழ ஒத்துப்போகிறது. பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு அதிபரின் தாத்தாவைத் தேடினால் இவரைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடலாம். உண்மைத் தாத்தா இறந்து அதற்குள் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரே பெயர் ஒரே குடும்பத்தில் திரும்பத் திரும்ப வருவது காலனிக் கால வழக்கம். பெயரை வைத்து இவர்களைப் பிரிக்க முடியாது. மண்ணை வைத்துப் பிரிக்கலாம். இரண்டு ஆபிரகாம்கள் இருக்கலாம், ஒரே ஓடைக் கரையின் ஒரே வயலை இருவரும் தனித்தனியே விற்க முடியாது. காலனிக் காலப் பத்திரங்களில் எல்லை விவரம் மரத்தையும் ஓடையையும் பக்கத்து நிலத்துக்காரர் பெயரையும் வைத்தே எழுதப்பட்டது. வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, இத்தனை டிகிரி திசையில், இத்தனை கோல் தூரம், இன்னார் நில மூலை வரை என்று போகும். ஒரு கோல் பதினாறரை அடி. நான்கு கோல் சேர்ந்தால் 66 அடிச் சங்கிலி. அளப்பதற்குச் சங்கிலி பிடித்தவர்களின் பெயர்கள்கூடச் சில அளவைகளில் இருக்கும். அவர்கள் பெரும்பாலும் மைத்துனரோ அண்டை வீட்டாரோ தான். பின்னாளில் அந்தப் பெயர்களே திருமண உறவாகவும் கேரண்டி கையெழுத்தாகவும் திரும்ப வரும்.

கணக்கெடுப்பிலும் அண்டை வீட்டார் உண்டு. கணக்கெடுப்பாளர் நடந்த வரிசையில் எழுதியிருந்தால். வீட்டுக்குப் போய் அதை அகரவரிசைப்படுத்திச் சுத்தப் பிரதி எடுத்திருந்தால் அந்தத் தகவலும் போயிற்று.

நிலப் பதிவேட்டுக்கும் ஒரு சங்கடம் உண்டு. நிலம் நகராது, கவுண்டி எல்லை நகரும். லின்வில் ஓடை 1768இல் அகஸ்டா கவுண்டியில் இருந்தது. 1778இல் ராக்கிங்ஹாம் பிரிந்தபின் அதே வயலின் அடுத்த பத்திரம் வேறு ஊர் ஏட்டில் ஏறியது. பென்சில்வேனியாவில் பெர்க்ஸ் என்ற கவுண்டியே 1752இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய பத்திரங்களைப் பிலடெல்பியாவிலும் லங்காஸ்டரிலும் செஸ்டரிலும் தேட வேண்டும். "பெர்க்ஸ் கவுண்டி" என்று லிங்கன் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்தது சரிதான். ஆனால் 1748இல் பத்திரம் எழுதிய ஜானுக்கு அப்படி ஒரு கவுண்டி தெரியாது.

வீட்டுக்குள் இருந்தவர்கள்

இதுவரை நிலத்தின் பக்கமே தராசு சாய்ந்திருக்கிறது. நிலப் பதிவேடு பார்ப்பது ஒரு குடும்பத்தில் ஓரிருவரை மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். நிலம் வாங்காத தம்பி, கூலியாள், திருமணமாகாத மகள், சிறு வயதில் இறந்த குழந்தை ஆகியோருக்கு அங்கே இடமில்லை.

பெண்கள் ஒரு சந்து வழியாக உள்ளே வருகிறார்கள். கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மனைவிக்கு இருந்தது. அவள் அதை விட்டுக்கொடுக்காவிட்டால் வாங்கியவருக்குப் பின்னாளில் வில்லங்கம் வரும். அதனால் மனைவியைக் கணவன் இல்லாத இடத்தில் தனியே விசாரித்து, மனம் ஒப்பித்தான் சம்மதிக்கிறாளா என்று கேட்டு எழுதுவார்கள். லின்வில் ஓடை நிலம் 1780இல் விற்கப்பட்டது. ஆபிரகாமின் மனைவி பெர்ஷீபா தன் உரிமையை விட்டுக்கொடுத்தது 1781இல் பதிவானது. அவள் பெயர் நமக்கு உறுதியாகக் கிடைப்பது இப்படித்தான். ஆனால் அவள் எந்த வீட்டில் பிறந்தவள் என்று பத்திரம் சொல்லவில்லை. வாங்கியவருக்கு அது தேவைப்படவில்லை. அதிபரின் பாட்டி யார் வீட்டுப் பெண் என்று ஆய்வாளர்கள் பல காலம் சண்டை போட்டதற்கு அந்த மௌனமே காரணம். தாய் நான்சி ஹாங்க்ஸின் நிலை இன்னும் மோசம். அவளுடைய பிறப்பு பற்றிய கேள்வியைத் தீர்க்க இந்த நூற்றாண்டில் மரபணுச் சோதனை வரை போக வேண்டியிருந்தது.

கணக்கெடுப்பு இவர்களை எண்ணவாவது செய்கிறது. நிலமிருந்தாலும் இல்லாவிட்டாலும் கூரைக்குக் கீழ் இருப்பவர் கணக்கில் வருவார். ஆனால் கூரையையும் குடும்பத்தையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். தாமஸ் லிங்கன் 1819 டிசம்பரில், மனைவி இறந்தபின், சாரா புஷ் ஜான்ஸ்டன் என்ற கைம்பெண்ணை மணந்தார். அவளுக்கு மூன்று குழந்தைகள், அவருக்கு இரண்டு. நான்சியின் உறவுக்காரப் பையன் டென்னிஸ் ஹாங்க்ஸும் அந்த வீட்டில் இருந்தான். எட்டே மாதத்தில் 1820 கணக்கெடுப்பு நடந்தது. அந்தப் படிவத்தில் வயதுவாரியாக எண்கள் மட்டும்தான். சொந்தப் பிள்ளை, மாற்றான் பிள்ளை, அண்டி வந்த பையன் என்ற வேறுபாட்டைக் காட்ட அதில் வழியே இல்லை. அந்தப் பக்கத்தை மட்டும் வைத்து வம்சாவளி எழுதினால் தாமஸுக்கு இல்லாத பிள்ளைகள் பிறந்துவிடுவார்கள்.

1850இல்தான் படிவம் மாறியது. சுதந்திரமானவர் ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பிறந்த மாநிலம், நிலத்தின் மதிப்பு எல்லாம் வந்தன. பிறந்த மாநிலம் என்ற பத்தி காலனிக் காலக் குடும்பத்தைத் தேடுபவருக்குப் பெரிய உதவி. 1850இல் எண்பது வயதைத் தொட்ட ஒருவர் இலினாயில் இருந்துகொண்டு "வர்ஜீனியா" என்று சொன்னால், அவர் சொல்வது புரட்சிக்கு முந்தைய வர்ஜீனியா. எந்த மாநிலத்தின் பத்திர ஏட்டைத் திறக்க வேண்டும் என்ற திசை கிடைத்துவிடும்.

இரண்டும் பொய் சொல்லும் இடங்கள்

1860 கணக்கெடுப்பில், ஸ்ப்ரிங்ஃபீல்டில், லிங்கன் வயது 51, வழக்கறிஞர், அசையாச் சொத்து 5,000 டாலர், பிற சொத்து 12,000 டாலர் என்று இருக்கிறது. மனைவி மேரியின் வயது 35 என்று பதிவாகியிருக்கிறது. அவருக்கு அப்போது 41. தகவல் சொன்னது யார் என்று தாளில் குறிப்பில்லை. கணக்கெடுப்புக்குத் தகவல் தருபவர் தவறாகச் சொன்னால் யாருக்கும் நட்டமில்லை. வாயிலில் நின்ற வேலைக்காரியோ பக்கத்து வீட்டுக்காரரோகூடச் சொல்லியிருக்கலாம்.

பத்திரத்தின் பொய்கள் வேறு வகை. உறவில் அரிதாகப் பொய் வரும், விலையில் தாராளமாக வரும். தந்தை மகனுக்கு ஐந்து ஷில்லிங்குக்கு நூற்றுக்கணக்கான ஏக்கர் எழுதினால் அது விற்பனை அல்ல, பாகப்பிரிவினை. ஆபிரகாம் 1780இல் 250 ஏக்கரை 5,000 பவுண்டுக்கு விற்றார் என்றால் அவர் கோடீஸ்வரர் அல்ல. புரட்சிப் போரின் நடுவே காகிதப் பணம் மதிப்பிழந்து கிடந்தது. 1803இல் தாமஸ் கென்டக்கியின் மில் ஓடையில் 238 ஏக்கர் வாங்கினார். விற்கும்போது 200 ஏக்கர்தான் தேறியது. மரத்தையும் ஓடையையும் வைத்து ஆளுக்கொரு பக்கம் அளந்ததில் ஒரே மண்ணுக்கு இரண்டு மூன்று உரிமையாளர்கள் கிளம்பியிருந்தார்கள். அடுத்து வாங்கிய நிலத்திலும் வழக்கு. அதற்கடுத்த நிலத்தில் 1815இல் வெளியேற்ற வழக்கு. 1816இல் குடும்பம் இந்தியானாவுக்குப் போனது. அடிமை முறை ஒரு காரணம் என்றாலும் நில உரிமைச் சிக்கல்தான் பெரிய காரணம் என்று மகன் பிற்பாடு எழுதினார். இந்தியானாவில் கூட்டாட்சி அரசே நிலத்தை ஆறு மைல் சதுரங்களாகக் கட்டமிட்டு, 640 ஏக்கர் பிரிவுகளாக அறுத்து விற்றது. அங்கே எல்லைச் சண்டைக்கு இடமில்லை. அண்டை வீட்டாரின் பெயர்களும் அத்தோடு பத்திரத்திலிருந்து மறைந்தன. நிலத்துக்காரருக்கு லாபம், நமக்கு நட்டம்.

அழிவிலும் இரண்டும் சமம். 1864இல் உள்நாட்டுப் போரின்போது வடக்குப் படையினர் ராக்கிங்ஹாம் கவுண்டி ஏடுகளை எரித்தார்கள். அதிபர் லிங்கனின் படை அவருடைய தாத்தாவின் கவுண்டி ஆவணங்களுக்குத் தீ வைத்தது. லின்வில் ஓடையின் முந்தைய பத்திரங்கள் அகஸ்டா ஏட்டில் இருந்ததால் பிழைத்தன.

சொத்தாக எழுதப்பட்டவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் நிலம் வாங்க முடிந்த குடும்பத்தின் கதை. நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட குடும்பத்தை இதே இரண்டு ஆவணங்களில் தேடினால் ஒப்பீடு தலைகீழாகிறது.

வர்ஜீனியா 1705இல் ஒரு சட்டம் போட்டது: அடிமைகள் அசையாச் சொத்தாகக் கருதப்படுவார்கள், நிலத்தைப் போலவே வாரிசுக்கு இறங்குவார்கள். ஆகவே அடிமைப்பட்ட குடும்பமும் சொத்து ஆவணங்களில் உண்டு, விற்பவராகவோ வாங்குபவராகவோ அல்ல, பொருளாக. 1773இல் ஜான் வேல்ஸ் என்பவர் இறந்தபோது, அவரிடம் அடிமையாக இருந்த எலிசபெத் ஹெமிங்ஸும் அவள் பிள்ளைகளும் வேல்ஸின் மருமகன் தாமஸ் ஜெபர்சனின் கைக்கு வந்தார்கள். பிள்ளைகளில் இளையவள் சாலி, அப்போது கைக்குழந்தை. ஜெபர்சன் தன் பண்ணைக் குறிப்பேட்டில் இவர்களைப் பெயரோடு எழுதி வைத்தார்.

அந்தக் குறிப்பேட்டில் தாயும் பிள்ளையும் சேர்த்து எழுதப்பட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளை அடிமையா சுதந்திரனா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது என்று 1662லேயே வர்ஜீனியா சட்டமாக்கியிருந்தது. தாய் யார் என்பது சொத்துரிமைக்குத் தேவை. தந்தை யார் என்பது தேவையில்லை, பல நேரம் வசதியும் இல்லை. லிங்கன்களின் பத்திரங்களில் தந்தை பெயர் தவறாமல் வந்ததற்கும், ஹெமிங்ஸ் குடும்பத்தின் ஆவணங்களில் தந்தை பெயர் ஒருபோதும் வராததற்கும் காரணம் ஒன்றேதான்.

1790 கணக்கெடுப்பு வெளியுறவுச் செயலர் ஜெபர்சனின் பொறுப்பில் நடந்தது. அவர் வீட்டில் இருந்த ஹெமிங்ஸ் குடும்பம் கடைசிப் பத்தியில் ஓர் எண்ணுக்குள் போயிற்று. 1850லும் 1860லும் அடிமைகளுக்குத் தனித் தாள் வந்தது. அதிலும் எழுதப்பட்டது உரிமையாளர் பெயர்தான், அடிமைக்கு வயதும் பாலினமும் நிறமும் மட்டும். முன்னாள் அடிமைகள் எல்லோரும் பெயரோடு வந்தது 1870இல்.

சாலியின் மகன்கள் மேடிசனும் எஸ்டனும் ஜெபர்சனின் உயில்படி விடுதலை பெற்றவர்கள் என்பதால் அதற்கு முன்பே பதிவுகளில் தென்படுகிறார்கள். 1830 கணக்கெடுப்பு அந்த வீட்டாரை வெள்ளையர் என்று எழுதியது. மூன்று ஆண்டு கழித்து நடந்த மாநிலச் சிறப்புக் கணக்கெடுப்பு சாலியைக் கலப்பினத்தவர் என்றது. ஒரே ஊர், ஒரே பெண். எண்ணியவர் மாறினார், இனம் மாறியது. பிறகு ஓஹயோவுக்குப் போன எஸ்டன், 1852இல் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து ஜெபர்சன் என்ற குடும்பப் பெயரை ஏற்றார். அந்தக் கிளை அதற்குப்பின் வெள்ளையராகவே வாழ்ந்தது. பெயரையும் இனத்தையும் வைத்துத் தேடுபவருக்கு அவர்கள் அந்த ஆண்டோடு காணாமல் போய்விடுவார்கள்.

மேடிசன் ஓஹயோவின் ராஸ் கவுண்டியில் தங்கிவிட்டார். 1870இல் அவர் வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர் படிவத்தை நிரப்பியபின், கேட்கப்படாத ஒரு தகவலைப் பக்கத்திலேயே எழுதி வைத்தார்: இந்த மனிதர் தாமஸ் ஜெபர்சனின் மகன். அந்தத் தகவலுக்கு அங்கே பத்தி கிடையாது. எழுதச் சொல்லிச் சட்டமும் இல்லை. எந்தச் சொத்தும் அதனால் கைமாறவில்லை. சொத்து ஆவணங்கள் ஒரு நூற்றாண்டாக எழுத மறுத்த உறவை, உறவையே கேட்காத ஒரு படிவத்தின் ஓரத்தில் ஓர் அரசு ஊழியர் எழுதினார். 1998இல் எஸ்டனின் ஆண்வழிச் சந்ததியைச் சோதித்த மரபணு ஆய்வு, ஜெபர்சன் குடும்பத்து ஆணொருவரே தந்தை என்பதோடு ஒத்துப்போனது.

எங்கிருந்து தொடங்குவது?

இந்த இரண்டு குடும்பங்களும் தேடுபவருக்கு இரண்டு எதிரெதிர் வழிகளைக் காட்டுகின்றன. நிலமிருந்த குடும்பமானால் 1850 கணக்கெடுப்பில் பிறந்த மாநிலத்தைப் பிடித்து, அங்கிருந்து உடனே பத்திர ஏட்டுக்குத் தாவ வேண்டும். 1790 முதல் 1840 வரையிலான தாள்களைச் சான்றாகக் கொள்ளாமல், பத்திரம் சொன்னதைச் சரிபார்க்கும் கூட்டல் கழித்தலாக மட்டும் பயன்படுத்துவது நல்லது. மகன்கள் எத்தனை பேர் என்று உயில் சொன்னால், அந்த வயதில் அத்தனை ஆண்கள் வீட்டில் இருந்தார்களா என்று பார்க்கலாம். கூடுதலாக ஒருவர் இருந்தால் அவர் யார் என்ற கேள்வியோடு மறுபடி பத்திர ஏட்டுக்கே திரும்ப வேண்டும்.

நிலமில்லாத குடும்பமானால், அதிலும் அடிமைப்பட்ட குடும்பமானால், தொடக்கம் 1870. அந்தப் பெயர்களையும் வயதுகளையும் குறித்துக்கொண்டு, 1860இன் பெயரற்ற தாளில் அதே வயதுகளின் வரிசை எந்த உரிமையாளரின் கீழ் வருகிறது என்று தேட வேண்டும். கிடைத்துவிட்டால் அதற்குமேல் தேட வேண்டியது அந்த உரிமையாளரின் உயில்களையும் பாகப்பிரிவினைகளையும். ஒரு குடும்பத்தின் வரலாற்றை இன்னொரு குடும்பத்தின் சொத்துப் பட்டியலில் வாசிக்க வேண்டிய கொடுமை அது. ஆனால் வேறு வழி பெரும்பாலும் இருப்பதில்லை.

எந்த வழியில் போனாலும், ஒரு தாளைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது இதில் என்ன எழுதியிருக்கிறது என்பதல்ல, இதை எழுத யாருக்கு என்ன தேவை இருந்தது என்பதுதான். வீட்டுத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்று அமெரிக்கக் கணக்கெடுப்பு கேட்கத் தொடங்கியது 1880இல். அந்தக் கேள்விக்கான பதில், நிலத்தின் பொருட்டு, அதற்கு இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பத்திரங்களில் எழுதப்பட்டு வந்தது. அந்தப் பதிலில் இடம் கிடைத்தவர்கள், யாருடைய உறவால் சொத்து கைமாறியதோ அவர்கள் மட்டுமே.